சபீனா எழுந்துபோன பக்கம்

மாதங்கி வரைவது சாப்பிட்டு முடித்த மேசைகளை. வீட்டுக்காரர்கள் எழுந்து போனபின் தட்டும் தம்ளரும் எப்படிக் கிடக்கின்றனவோ அப்படியே வரைவாள். படத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஆனாலும் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அந்த வீட்டில் விரல்கள் நீளும். இது அப்பா, இது நிகில், ஐயோ இது நான் என்று தட்டுகளைத் தொட்டுத் தொட்டுச் சொல்வார்கள்.

தெலுங்கும் உருதும் பேசும் நகரத்தில், மாரெட்பள்ளியில் பிறந்த தமிழ்க்காரி. கல்யாணமாகி ஏ.எஸ்.ராவ் நகருக்கு வந்து, பக்கத்திலுள்ள பொதுத்துறை மின்னணுத் தொழிற்சாலையில் கையேடுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு கருவியைக் கழற்றினால் எது எங்கிருந்து வந்தது என்று காட்டும் படங்களை வரைவது அவள் வேலை. பாகங்கள் அந்தரத்தில் விலகி நிற்கும். புள்ளிக்கோடு அவற்றின் இடத்தைச் சொல்லும். வருடக்கணக்காக இதையே வரைந்தவளுக்கு, உடன் வேலை பார்க்கும் ஷோபாவின் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு எழுந்தபோது மேசையும் அப்படித்தான் தெரிந்தது. எல்லோரும் விலகிப்போயிருந்தார்கள். யார் எங்கே இருந்தார்கள் என்று மேசை சொன்னது. அங்கேயே ஒரு காகிதத்தில் வரைந்தாள். ஷோபா அதைச் சட்டம் போட்டு மாட்டினாள். அதைப் பார்த்தவர்கள் கேட்டார்கள். பிறகு காசு கொடுத்துக் கேட்டார்கள்.

கணவர் ஜகதீசன் அதே தொழிற்சாலையில் விஜிலென்ஸ் பிரிவு. வீட்டிலும் அதே பிரிவுதான்.

"ஏண்டி, இந்தக் காசு வாங்கிண்டு வரையறது எப்பவாவதா, எப்பவுமா? எப்பவாவதுன்னா ரூல்ல இடம் இருக்கு."

"எப்பவாவதுதான்," என்றாள் மாதங்கி. "ஆனா அடிக்கடி எப்பவாவது."

வரையப் போகும் வீட்டில் அவள் சொல்வது இரண்டே விஷயம். புது மேசைவிரிப்பு போடாதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் எதையும் எடுக்காதீர்கள். முதலாவதை யாரும் கேட்பதில்லை. இரண்டாவதற்குச் சம்மதித்துவிட்டு, கால் மணியில் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்கள். பாத்திரம் காய்கிறது, வேலைக்காரி வந்துவிட்டாள், ஈ வருகிறது. அவள் பாட்டுக்கு வரைந்துகொண்டிருப்பாள். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். ஆனால் அவள் சாப்பிடுவது டப்பாவில் கொண்டுபோன தயிர்சாதம்.

எலும்புதான் அவளைப் படுத்தியது. சைவக்காரி. முதன்முதலாக வரைந்த கோழி எலும்பைப் பார்த்து அந்த வீட்டு மனிதர், "மேடம், நாங்க சாப்பிட்டது சிக்கன். நீங்க போட்டிருக்கறது டைனோசர்," என்றார். அதன்பிறகு எலும்பையும் ஒரு பாகமாகப் பார்க்கப் பழகினாள். அது எதோடு பொருந்தி இருந்தது என்று தெரிந்ததும் சரியாக வந்துவிட்டது.

ஃபாத்திமா கூப்பிட்டது போன வருடம். காயல்பட்டினத்துப் பெண். கச்சிபௌலியில் ஒரு கம்பெனியில் வேலை. உயரமான கட்டடம் ஒன்றில் உம்மாவோடும் தங்கை சபீனாவோடும் இருந்தாள். ஷோபா வீட்டுப் படத்தை யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள்.

"அக்கா, எங்க வீட்ல மேசையே இல்ல. பரவாயில்லையா?"

"தரையில சாப்பிடுவேளா? அதையும் வரையலாம்."

"தரையிலதான். ஆனா தட்டும் ஒண்ணுதான்."

போனபிறகுதான் புரிந்தது. பாய் விரித்து நடுவில் சஹன் வைத்தார்கள். அகலமான எவர்சில்வர் தட்டு. அதில் நெய்ச்சோறு, மேலே கறி, ஓரத்தில் கத்திரிக்காய்ப் பச்சடி. மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள். ஊரில் கல்யாண வீட்டில் இப்படித்தான் என்றாள் ஃபாத்திமா. இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

மாதங்கி பாயின் ஓரத்தில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"நெய்ச்சோறு ஆக்கறப்ப கறி போடலம்மா, மேலதான் வெச்சோம். தனியா வெக்கட்டுமா?" என்றாள் உம்மா.

"தயிர்சாதமே போறும்மா."

மாதங்கி கவனித்துக்கொண்டிருந்தாள். எது யாருடையது என்பதற்குத் தட்டில் கோடு கிடையாது. ஆனாலும் சோற்றில் மூன்று குழிகள் விழுந்துகொண்டிருந்தன. உம்மா இடதுபக்கமிருந்து சுரண்டி எடுத்தாள். ஃபாத்திமா நடுவிலிருந்து. மிளகாயை ஃபாத்திமா விளிம்பில் வரிசையாக நட்டுக்கொண்டே போனாள்.

பாதிச் சாப்பாட்டில் டப்ளின் பேச்சு வந்தது. சபீனாவுக்கு அங்கே வேலை மாற்றம் கிடைத்திருந்தது. கேட்டு வாங்கிய மாற்றம்.

"டப்ளின்ல என்ன இருக்கு? மழைதான இருக்கு?" என்றாள் உம்மா.

"இங்க என்ன இருக்கு? டிராஃபிக்தான இருக்கு?"

"இங்க நான் இருக்கேன்."

"நீங்க ஊர்லயே இருந்திருக்கலாம்ல. நாங்க வாங்கன்னா சொன்னோம்?"

"சொல்லலியா? வாப்பா போனப்புறம் வான்னு கூப்பிட்டது யாரு? இப்ப நீ கெளம்பிட்டா..."

சபீனா எழுந்தாள். கை கழுவும் சத்தம் கேட்டது. அறைக்கதவு சாத்திக்கொண்டது. மற்ற இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள். சபீனாவின் பக்கத்துச் சோற்றில் அவர்கள் கைவைக்கவில்லை. இரண்டு பக்கம் தட்டு பளபளத்தது. மூன்றாவது பக்கத்தில் சோறு வெட்டிவைத்த கரை மாதிரி நின்றது.

மாதங்கிக்குச் சங்கடமாக இருந்தது. "இன்னொரு நாள் வரட்டுமா ஃபாத்திமா?"

"வேண்டாம்க்கா. வரைங்க. அவ எழுந்திரிச்சதும் எங்க சாப்பாடுதான்."

வரைந்தாள். உம்மா சமையலறை வாசலில் வந்து நின்று தட்டைப் பார்ப்பாள். போவாள். மறுபடி வருவாள். எடுக்கட்டுமா என்று கேட்கவில்லை.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த நாளில் சபீனா டப்ளினுக்குக் கிளம்பியிருந்தாள். உம்மா அந்தக் கரையின்மேல் விரலை வைத்தாள். "இது அவ," என்றாள். ஃபாத்திமா பேசிய தொகைக்குமேல் அனுப்பினாள். மாதங்கி திருப்பி அனுப்பினாள்.

தான் வரைந்ததிலேயே நல்லது இது என்று மாதங்கிக்குத் தெரியும். ஃபாத்திமாவிடம் கேட்டுக்கொண்டு, மகள் ஹம்ஸினி அதைப் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். அங்கே பார்த்துவிட்டுத்தான் ஸ்ரீனிவாஸ் கூப்பிட்டார்.

ஸ்ரீனிவாஸ் மந்தி என்கிற அரபுச் சாப்பாட்டு ஓட்டல்காரர். பெரிய தட்டில் சோறும் கறியும் கொட்டி, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல். ஊரெல்லாம் முளைத்தவற்றில் ஒன்று. கிளைகளும் இருந்தன. சென்னையில் கொஞ்சகாலம் இருந்தவராதலால் தமிழில் பேசினார்.

"மேடம், உங்க தட்டு சூப்பர். எல்லா பிராஞ்ச்லயும் செவுத்துக்குப் பெருசா பிரிண்ட் போடறேன். பேமென்ட் உடனே. ஒரே ஒரு கரெக்‌ஷன்."

"என்ன?"

"மிச்சம் நக்கோ மேடம், வேண்டாம். சோறு மிஞ்சினா சாப்பாடு நல்லால்லன்னு அர்த்தம். க்ளீனா தொடச்சு சாப்பிட்ட மாதிரி வேணும்."

அவர் சொன்ன தொகை, மாதங்கி ஒரு வருடத்தில் மேசை வரைந்து சம்பாதிப்பதைவிட அதிகம். ஃபாத்திமாவிடம் கேட்கவேண்டுமோ என்று ஒருமுறை யோசித்தாள். படத்தில் யார் முகமும் இல்லை. பேர் இல்லை. அந்த மிச்சத்தையும் எடுத்துவிட்டால் அது அன்றைய சாப்பாடுகூட இல்லை. வெறும் தட்டு. அப்படித்தான் நினைத்தாள். நிறையக் கருவிகளை வரைந்தவள் அவள். ஒரு பாகத்தை எடுத்துவிட்டால் அது வேறு மாடல், அதற்கு வேறு எண். அவள் பிரிவில் வழக்கம் அது.

ஒரே சாயங்காலத்தில் டேப்லெட்டில் சோற்றுக் கரையை அழித்தாள். அந்த இடத்தில் எவர்சில்வரின் பளபளப்பைக் கொண்டுவந்தாள். பளபளப்பு நன்றாக வந்ததில் சந்தோஷமாகவே இருந்தது.

ஜகதீசன் எட்டிப்பார்த்தார். "இது அவா காசு குடுத்து வரைஞ்சதில்லையோ?"

"படம் அவாத்துச் செவுத்துல இருக்கு. வரைஞ்ச கை என்னோடது."

அவர் போனில் எதையோ தேடி எடுத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "காசு வாங்கிண்டு ஒருத்தர் சொல்லி வரைஞ்சா, வேற மாதிரி பேசிக்கலேன்னா, உரிமை வரையச் சொன்னவாளுக்குத்தானாம். சட்டம்."

"உங்க விஜிலென்ஸை ஆபீஸ்லயே வெச்சுட்டு வாங்கோன்னா."

ஹம்ஸினி அறையிலிருந்து தெலுங்கில் கத்தினாள். "நானா, அதி அம்ம ஆர்ட்! எவரு அடுகுதாரு?" அப்பா, அது அம்மாவின் கலை, யார் கேட்கப்போகிறார்கள் என்று.

ஃபைலை அனுப்பியாயிற்று. பணமும் வந்தது. ஃபாத்திமாவிடம் சொல்லிவிடலாம் என்று நாலைந்து முறை போனை எடுத்தாள். நாளைக்கு என்று வைத்தாள்.

ஃபாத்திமாவின் குரல்செய்தி வந்தபோது மாதங்கி ஆபீஸில் ஒரு மின்விசிறிப் பெட்டியைக் கழற்றி வரைந்துகொண்டிருந்தாள். பின்னால் பாத்திரச் சத்தமும் சிரிப்புமாக இருந்தது.

"அக்கா, ஆபீஸ்ல எல்லாருமா மந்தி சாப்பிட வந்தோம். செவுத்துல எங்க சஹன் இருக்கு. பெருசா." பின்னால் யாரோ தண்ணீர் கேட்டார்கள். "சபீனா எப்பக்கா சாப்பிட்டு முடிச்சா?"

மாதங்கி அதை இரண்டாம் முறை போட்டுக் கேட்கவில்லை. ஓட்டல் படத்தைத் திறந்து பார்த்தாள். விளிம்பில் மிளகாய் வரிசையாக நின்றது. இடதுபக்கம் உம்மாவின் விரல் சுரண்டிய தடம் இருந்தது. சபீனாவை மட்டும்தான் அழித்திருந்தாள். மற்ற இருவரும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கச்சிபௌலிக்குப் போனாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று தயார்செய்துகொண்டே போனாள். கதவைத் திறந்தது ஃபாத்திமா.

"வாங்க. உக்காருங்க."

இந்தமுறை அக்கா என்று கூப்பிடவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் ஃபாத்திமா. கேட்டிருக்கணும். முகம் ஒண்ணும் இல்லியே, மிச்சத்தையும் எடுத்துட்டா அது யாரோடதும் இல்லேன்னு நெனச்சுட்டேன்."

"என் டீம்ல ஒருத்தன் அதுக்கு முன்னால நின்னு செல்ஃபி எடுத்தான். எங்க உம்மா சாப்பிட்ட தட்டு. அவன்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

உம்மா உள்ளேயிருந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். சுவரில் மாதங்கி வரைந்த படம் இருந்தது. மிச்சத்தோடு.

"என் மவ பக்கத்தை என்ன செஞ்சீங்க?"

"அழிச்சுட்டேம்மா."

"அழிச்சீங்களா, தின்னுட்டீங்களா?"

ஃபாத்திமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா என்று தெரியவில்லை.

"நீங்க அன்னிக்குத் தட்டை எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டீங்க," என்றாள் உம்மா. "இல்லன்னா நான் அப்பவே எடுத்துக் கொட்டிக் கழுவிருப்பேன். கோவம் அப்படி. நீங்க வரையற வரைக்கும் அது அங்கயே இருந்துச்சு. நான் வந்து வந்து பாத்தேன். புள்ள அவ்வளவையும் வெச்சுட்டுப் போயிருக்கா. நெய்ச்சோறு அவளுக்கு உசுரு. அதையே வெச்சுட்டுப் போறான்னா இவ போகத்தான் போறான்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. மறுநாள் போயிட்டு வாடீன்னு சொல்லிட்டேன். அந்த மிச்சம் இல்லன்னா நான் எதைப் பாத்துச் சொன்னேன்?"

"படத்தை எடுக்கச் சொல்லிடறேம்மா. பணத்தையும் திருப்பிக் குடுத்துடறேன்."

"காசு வாங்கினதைப் பத்தி நான் பேசல. விக்கணும்னா வித்துக்குங்க. மிச்சத்தோட வித்துக்குங்க. இப்பவே அவர்கிட்ட கேளுங்க."

மாதங்கி போன் போட்டாள். ஃபாத்திமா ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"ஸ்ரீனிவாஸ்காரு, அந்தப் படத்தை மாத்தணும். சோறு மிஞ்சினது மிஞ்சின மாதிரியே இருக்கணும். இல்லேன்னா எடுத்துடுங்கோ."

"கைக்கு மேடம், எதுக்கு? கஸ்டமர் எல்லாம் நல்லா இருக்குன்றாங்க!"

"அது ஒரு ஆத்துச் சாப்பாடு. அவாளைக் கேக்காம குடுத்துட்டேன்."

"அவங்களுக்கும் ஏதாச்சும் குடுக்கணுமா? குடுத்துடலாம். எவ்ளோ?"

உம்மா போனை நோக்கிக் குனிந்தாள். "காசு வேண்டாம் தம்பி. என் மவ சோறு வேணும்."

ஸ்ரீனிவாஸ் குழம்பிப்போனார். "அம்மா, மிச்சம் மாட்டினா என் பிசினஸ் போயிடும்மா. நக்கோ. எடுத்துடறேன். ஆனா பிரிண்ட் போட்ட செலவு?"

"அதையும் நானே தரேன்," என்றாள் மாதங்கி.

"ஹவ், சரி," என்றார் ஸ்ரீனிவாஸ் வருத்தமாக. "நல்ல தட்டு மேடம் அது."

போனை வைத்தபோது மாதங்கிக்கு உடம்பு லேசானது போலிருந்தது. அந்தத் தொகையில் பால்கனியை அடைத்து வரைய ஒரு அறை போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். அறை போயிற்று. போனது பெரிதாகத் தெரியவில்லை.

கிளம்ப எழுந்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் உம்மா.

"ஆத்துக்குப் போய்..."

"இங்கேருந்து ஏ.எஸ்.ராவ் நகர் போறதுக்குள்ள ராத்திரி சாப்பாடு வந்துரும். இன்னிக்குத் தேங்காய்ப்பால் சோறு. கறியைக் கிண்ணத்துல தனியா வெச்சுருக்கேன், சோத்துல படல. ஃபாத்திமா, அவங்களுக்குத் தனித்தட்டு எடு."

பாய் விரித்தாயிற்று. சஹன் வந்தது, ஓரங்களில் கத்திரிக்காயும் உருளைக்கிழங்குமாக. ஃபாத்திமா சமையலறையிலிருந்து ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். மாதங்கி அதைப் பார்த்தாள். பிறந்த வீட்டில் ஒருவர் வாய்வைத்த தம்ளரை இன்னொருவர் தொடமாட்டார்கள். தண்ணீரைத் தூக்கித்தான் குடிக்கவேண்டும். ஜகதீசனின் தட்டில்கூட அவள் கைவைத்தது கிடையாது. அப்படி ஒரு எண்ணமே வந்ததில்லை.

"வேண்டாம்," என்றாள். "இதுலயே."

ஃபாத்திமா உம்மாவைப் பார்த்தாள். "அக்கா, எங்களுக்காகன்னு கஷ்டப்படாதீங்க."

"கஷ்டமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போறது."

எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். காலியாக இருந்தது ஒரு பக்கம்தான். அங்கே உட்கார்ந்தாள். முதல் கவளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். இரண்டாவது இறங்கியது. சோற்றில் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் மணத்தன. தன் பக்கத்திலேயே கையை ஒடுக்கி, பரீட்சை எழுதுவதுபோலச் சாப்பிட்டாள்.

பாதியில் ஒன்றைக் கவனித்தாள். அவள் பக்கத்துக் கத்திரிக்காய் குறையவே இல்லை. உம்மா தன்பக்கத்திலிருந்து விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். ஃபாத்திமா ஒரு உருளைக்கிழங்கை உம்மாவிடம் தள்ளினாள். உம்மா அதில் பாதியை உடைத்துத் திருப்பி அனுப்பினாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பேச்சு அதுபாட்டுக்கு நடந்தது. தட்டுக்குள் பொருட்கள் போவதும் வருவதுமாக இருந்தன. எல்லோரும் எழுந்தபின் வந்து பார்த்தால் இது தெரியாது. மூன்று குழிகள்தான் தெரியும். அன்றைக்கு வரைந்தபோது ஒவ்வொருவரும் தன் எல்லைக்குள் சாப்பிட்டதாக நினைத்திருந்தாள்.

ஃபாத்திமாவின் போன் அடித்தது. டப்ளின். ஞாயிற்றுக்கிழமை இந்நேரத்துக்குச் சபீனா கூப்பிடுவாளாம். ஃபாத்திமா இடதுகையால் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்தினாள். கலைந்த தலையோடு, கையில் காப்பிக் கோப்பையோடு சபீனா தெரிந்தாள்.

"லாத்தா, என் எடத்துல யாரு?" என்று அக்காவைக் கேட்டாள்.

"உன்னை வித்தவங்க," என்றாள் ஃபாத்திமா.

"எவ்ளோக்கு?"

உம்மா சிரித்துவிட்டாள். ஃபாத்திமா நடந்ததைச் சொன்னாள். ஸ்ரீனிவாஸ் பேசியதை அவர் குரலிலேயே பேசிக் காட்டினாள். ஹவ் என்று அவள் சொன்ன விதத்துக்கு மாதங்கிக்கே சிரிப்பு வந்தது.

"மாதங்கிக்கா," என்றாள் சபீனா, "என்னைக் கேட்டிருந்தீங்கன்னா நான் சரின்னிருப்பேன். அழிச்சுக்கோங்கன்னும் சொல்லிருப்பேன். எனக்கு அந்தப் படமே புடிக்காது. எல்லாரும் வந்து, யாரு இந்தச் சோத்தை வெச்சதுன்னு கேக்கறாங்களாம்."

"இப்பக் கேக்கறேன் சபீனா."

"இப்பவா? இப்ப முடியாது." சபீனா ஒரு வாய் காப்பி குடித்தாள். "கோவமெல்லாம் இல்ல. ஆனா முடியாது."

"சரி," என்றாள் மாதங்கி.

"உம்மா, இந்த அக்கா இன்னும் எடுத்தே சாப்பிடல. எலி கொறிச்ச மாதிரி வெச்சிருக்காங்க. கொஞ்சம் தள்ளுங்க அந்தப் பக்கம்."

"நீ சொல்லித்தான் தெரியணுமாக்கும்," என்று உம்மா ஒரு கை சோற்றை இழுத்து மாதங்கியின் பக்கம் விட்டாள். மாதங்கி சாப்பிட்டாள். சபீனா டப்ளின் மழையைப் பற்றியும், மேல்வீட்டுக்காரனின் நாயைப் பற்றியும் சொன்னாள். ஃபாத்திமா அடுத்த மாதம் விசா கிடைத்தால் உம்மாவை அனுப்புவதைப் பற்றிச் சொன்னாள். உம்மா, அங்கே சஹன் கிடைக்குமா, இங்கிருந்தே தூக்கிக்கொண்டு வரவேண்டுமா என்று கேட்டாள்.

"லக்கேஜ்ல அதுவே பாதி எடம் அடைக்கும் உம்மா!"

"நீ சும்மா இரு. அது இல்லாம நான் வரமாட்டேன்."

பேசிக்கொண்டே எல்லோரும் எழுந்தார்கள். மாதங்கி கை கழுவிவிட்டுத் திரும்பியபோது உம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டிருந்தாள். குழாய் திறந்த சத்தம் கேட்டது.

"அக்கா, டீ போடவா?" என்றாள் ஃபாத்திமா.

"போடேன்," என்றாள் மாதங்கி.